மாதம் பத்து வெள்ளி: தோட்ட மக்கள் துன் சம்பந்தனை நம்பிய கதை

லகாட்: ஈப்போ பழைய நகரில் துன் சம்பந்தன் சாலை இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் அதே பெயரில் ஒரு சாலை உண்டு. அங்கே ஒரு மோனோரயில் நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தலைநகரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற உயர்ந்த கட்டடத்தையும் பலர் பார்த்திருப்பார்கள். இவர் யார் என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் ம.இ.கா. தலைவர், முன்னாள் அமைச்சர் என்ற அளவில் பதில் வரும். அந்தக் கட்டடம் யாருடையது என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம். காண்டா வாளி சுமந்தவர்கள், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கிய பங்குகளின் மேல் எழுந்த சங்கம் அது.

வங்கியின் வாசலையே மிதிக்காத மக்கள், கண்ணால் பார்க்காத ஒரு சங்கத்துக்கு அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதைப் புரிய வைத்தவர் பேராக்கில் பிறந்த ஒரு தோட்ட உடைமையாளரின் மகன். சங்கம், கோயில், கூட்டுறவு, குடியிருப்பாளர் அமைப்பு என்று ஏதாவது ஒன்றில் பொறுப்பில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுங்கை சிப்புட்டின் பிள்ளை

திருஞானசம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீரசாமி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். உழைத்து முன்னேறி, ரப்பர் தோட்டங்களுக்கு உடைமையாளர் ஆனார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கோலோச்சிய அந்தக் காலத்தில் ஒரு தமிழர் சொந்தத் தோட்டம் வைத்திருந்தது சாதாரணச் செய்தி அன்று. சைவக் குரவர்களில் முதல்வரின் பெயரை மகனுக்கு வைத்ததிலிருந்து குடும்பத்தின் நாட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

கோல கங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி. பிறகு கடல் கடந்து சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சட்டமோ மருத்துவமோ படிக்கப் போன நேரத்தில் இவர் இலக்கியம் படித்தார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம் தமிழுக்கும் தமிழிசைக்கும் பெயர் போனது. இந்திய விடுதலைப் போராட்டத்தின் அலையும் அவரைத் தொட்டது. தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சி உண்டு. ஆனால் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவர் செய்த வேலைக்கு இந்தப் படிப்பு நேரடியாகவே உதவியது. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, அதைப் பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தமிழில் விளக்கக்கூடியவர்கள் அன்றைய இந்தியத் தலைவர்களில் அதிகம் பேர் இல்லை.

அவரது 29ஆவது பிறந்த நாளான 1948 ஜூன் 16 அன்று, அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இடதுசாரித் தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சயாம் மரண ரயில்பாதை தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. நாலு பேர் கூடிப் பேசினாலே சந்தேகக் கண் விழும் காலம். சங்கம் என்ற சொல்லுக்கே லயத்தில் ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிற்பாடு அதே மக்களிடம் போய் ஒரு சங்கத்தில் சேரச் சொல்வது எவ்வளவு கடினமான வேலை என்பதை இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் விளங்கும்.

1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை உருவாக அவர் முன்னின்றார். ஜவஹர்லால் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்து வைத்தார்.

கட்சியின் மொழி மாறியது

1946இல் ஜோன் திவி தொடங்கிய ம.இ.கா.வுக்கு அவருக்குப் பின் பூத் சிங், கே. ராமநாதன், கே.எல். தேவாசர் ஆகியோர் தலைமை தாங்கினார்கள். படித்தவர்கள், பண்புள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்சி பெரும்பாலும் பட்டணத்து மண்டபங்களிலேயே இருந்தது. பேச்சு ஆங்கிலத்தில், அறிக்கைகளும் ஆங்கிலத்தில். இந்தியர்களில் மிகப் பெரும்பான்மையினர் தோட்டத்தில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஒரு மொழியில், உறுப்பினர்கள் வேறு மொழியில்!

1955 மே மாதம் சம்பந்தன் தலைவரானார். அவர் காலத்தில் கட்சி தோட்டத்துக்குள் இறங்கியது. கங்காணிகள், கிராணிகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் தலைவர்கள் கிளைப் பொறுப்புகளுக்கு வந்தார்கள். கூட்டங்கள் தமிழில் நடந்தன. இதற்கு ஒரு விலையும் இருந்தது. தமிழர் அல்லாத இந்தியர்கள் பலர் கட்சியிலிருந்து விலகி நின்றதாக உணர்ந்தார்கள். கங்காணி வழியாக உறுப்பினரைச் சேர்த்தால், உறுப்பினரின் விசுவாசம் கட்சியைவிடக் கங்காணியிடமே அதிகம் இருக்கும். பின்னாளில் ம.இ.கா.வை ஆட்டிய கோஷ்டிப் பூசல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் ஓர் அமைப்பு தன் உறுப்பினருக்குப் புரியும் மொழியில் பேசத் தொடங்கியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

கடந்த ஆண்டு இந்த வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள். கணக்கறிக்கை ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். சாப்பாடு வந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி என்னிடம் எதற்குக் கை தூக்கினோம் என்று கேட்டார். 70 ஆண்டுகளுக்கு முன் நம் அமைப்புகள் கடந்து வந்த இடத்துக்கே நாம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது.

நீல கார்டு, சிவப்பு கார்டு

1955 பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. சம்பந்தன் கிந்தா உத்தாரா தொகுதியில் வெற்றி பெற்றார். அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர்களின் பங்கு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நம் மக்கள் இந்த நாட்டில் இருந்தார்கள், நாட்டின் ஏட்டில் இல்லை.

புதிய அமைச்சரவையில் அவர் தொழிலாளர் அமைச்சர். 1957இல் சுகாதார அமைச்சர். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். நாட்டின் தபாலுக்கே பொறுப்பான அமைச்சர் தமிழர். தோட்டத்துத் தமிழனுக்கு வரும் கடிதமோ ஆபீசுக்குப் போய், கிராணியின் மேசையில் காத்திருந்து, அதன் பிறகுதான் லயத்துக்கு வரும்! அந்த வேடிக்கையை அவரும் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

சுதந்திரத்தை ஒட்டி வந்த குடியுரிமை விதிகள் நம் சமூகத்துக்கு ஒரு கதவைத் திறந்தன. மெர்டேக்காவுக்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தை குடியுரிமை பெறும் என்றாயிற்று. முன்பே இங்கே பிறந்தவர்கள் ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டும், வெளியில் பிறந்தவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டும் இங்கே வாழ்ந்திருந்தால் பதிந்து கொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வு கிடையாது. அந்த ஓராண்டுதான் முக்கியம். அதற்குள் தோட்டம் தோட்டமாகச் செய்தி போய்ச் சேர வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும், சாட்சி தேட வேண்டும், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வழி காண வேண்டும். ம.இ.கா. கிளைகளும், பி.பி. நாராயணன் தலைமையில் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் இதில் இறங்கின. பல ஆயிரம் பேர் பதிந்தார்கள்.

ஆனால் எல்லாருக்கும் செய்தி எட்டவில்லை. எட்டியவர்களிலும் பலர் அக்கறை காட்டவில்லை. இரண்டு வருடத்தில் ஊருக்குப் போகப் போகிறோம், எதற்கு இந்தப் பாரம் என்ற நினைப்பு. வேலைக்கு எந்தத் தடையும் இல்லாதபோது அடையாளக் கார்டின் நிறம் யாருக்குப் பெரிதாகத் தெரியும்? 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் வேலை என்றானபோது அதன் பாரம் தெரிந்தது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். அண்ணன் நீல கார்டு, தம்பி சிவப்பு கார்டு என்று குடும்பங்கள் பிரிந்தன. அப்போது சம்பந்தன் அமைச்சரவையில்தான் இருந்தார். அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. அவரது பொதுவாழ்வின் ஆகப் பெரிய தோல்வியாக இதைத்தான் நான் பார்க்கிறேன். அது அவர் ஒருவரின் தோல்வி மட்டுமல்ல என்பதும் உண்மை.

தோட்டம் துண்டானபோது

1950களில் நம்மவர்கள் அதிகம் பயந்த சொல் துண்டாடல். இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

கொரியப் போரின்போது ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. அதன் பிறகு அவசரகாலத்தின் அலுப்பு, சுதந்திர நாட்டில் என்ன ஆகுமோ என்ற அச்சம் இரண்டும் சேர்ந்து, பல ஐரோப்பிய முதலாளிகள் நல்ல விலைக்குத் தோட்டங்களைத் தள்ளிவிட நினைத்தார்கள். வாங்கியவர்களில் பலர் வியாபாரிகள். முழுத் தோட்டமாக வாங்கி, பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று கூறு போட்டு விற்றார்கள். அதில் இலாபம் அதிகம்.

இந்நாட்டில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது தோட்டம். அதற்குக் கீழே போனால் சிறுதோட்டம். சட்டப்படி தோட்டத்துக்குக் குடியிருப்பு, மருத்துவ வசதி என்ற கடமைகள் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடமும் நடத்த வேண்டும். தோட்டம் இருபது துண்டானால் இந்தக் கடமைகள் யார் தலையில் விழும்? யார் தலையிலும் விழாது. புதிய உடைமையாளருக்கு இரண்டு பேர் போதும், அதுவும் குத்தகைக்கு. மீதிப் பேருக்கு வேலை போகும். வேலையோடு வீடு, ஆயாக்கொட்டகை, ஆஸ்பத்திரி, பள்ளி, மாரியம்மன் கோயில் இருக்கும் நிலம் எல்லாம் போகும். பெரட்டுக்கு மணி அடிப்பது நின்றால் ஒரு கிராமமே கலைந்துவிட்டது என்று பொருள்.

பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை கொடுத்தார். தொழிலாளருக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் இதனால் வந்த கேடுகளை எடுத்துக்காட்டி, கட்டுப்படுத்த வேண்டும் என்றார். அரசாங்கமோ வேகமாக எதையும் செய்யவில்லை. நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பது, தனியார் சொத்துரிமை, முதலீட்டாளர்களை விரட்டிவிடக்கூடாது என்ற கவலை என்று காரணங்கள் பல இருந்தன. அமைச்சரவையில் இருந்துகொண்டே அமைச்சரவை செய்யாததைச் செய்ய சம்பந்தன் வேறு வழி தேடினார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதென்றால் அதைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன?

தேசிய நிலநிதி

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960 மே 14 அன்று உருவானது. சம்பந்தனுக்குத் துணையாக நின்று, பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் சங்கத்தை நடத்தியவர் கே.ஆர். சோமசுந்தரம். உறுப்பினரின் பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

அந்தக் காலத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் கூலி மூன்று வெள்ளியைச் சுற்றித்தான் இருந்தது. ஆக, பத்து வெள்ளி என்பது மூன்று நாளுக்கு மேற்பட்ட வேலை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஸ்டோர் பாக்கி, கோயில் வரி, ஊருக்கு அனுப்பும் பணம் போக மிஞ்சுவதில் பத்து வெள்ளி. இன்றைய கணக்கில் சிறிய தொகை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

இதைக் கேட்பதற்குத் தலைவரும் தோழர்களும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அமைச்சர் பதவியில் இருப்பவர் பெரட்டுக்களத்தில் நின்று தொழிலாளிகளிடம் பணம் கேட்பது அன்று புதுமையான காட்சி. துரைமார்களுக்கும் பிடித்திருக்காது.

கூட்டுறவு நம் மக்களுக்கு முற்றிலும் புதியதும் இல்லை. இங்கிலாந்தில் ரோச்டேல் நகரத்து நெசவாளர்கள் 1844இல் தொடங்கிய கடையிலிருந்து பரவிய இயக்கம் அது. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே வந்துவிட்டது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. சில தோட்டங்களில் சிக்கனக் கடன் சங்கங்களும் இருந்தன. அதைவிட நெருக்கமாக, லயத்துப் பெண்களுக்குக் கூட்டு கட்டத் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து எடுப்பது. ஆனால் கூட்டுப் பணத்தை வைத்திருப்பவர் பக்கத்து வீட்டு அக்கா. தினமும் முகம் பார்க்கலாம். நிலநிதியின் பணம் கோலாலம்பூருக்குப் போகிறது. பணம் எங்கே போகிறது, யார் வைத்திருக்கிறார்கள், செத்துப்போனால் பிள்ளைக்குக் கிடைக்குமா? இவை நியாயமான கேள்விகள். அதற்கு முன் எத்தனையோ பேர் தோட்டத்துக்கு வந்து பணம் வசூலித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கூட்டுறவுக்கும் கம்பெனிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு, ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம் வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. ஒரு பங்கு வைத்திருக்கும் பால்வெட்டுக்காரரும் நூறு பங்கு வைத்திருக்கும் கிராணியாரும் வாக்கில் சமம். தோட்டத்தில் பிறந்ததிலிருந்து துரை, கிராணி, மண்டோர், கங்காணி என்ற ஏணியின் கடைசிப் படியில் நின்ற ஒருவருக்கு இதைச் சொன்னால் உடனே நம்புவாரா? நம்பினார்கள் என்பதுதான் வியப்பு. என்னால் ஊகிக்க முடிந்த காரணம் ஒன்றுதான். கேட்கிறவர் மறுபடியும் வருவார் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. கிளைகள் தோட்டத்திலேயே இருந்தன. பதில் சொல்ல ஆள் இருந்தார். பேச்சு அவர்கள் மொழியில் இருந்தது.

1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. முதல் தோட்டம். எந்தக் கூட்டத்தில் பேசிய பேச்சைவிடவும் இந்தச் செய்தி வேகமாகப் பரவியிருக்கும். துண்டாகாமல் ஒரு தோட்டம் நின்றது, அதற்கு உடைமையாளர்கள் தோட்டத் தொழிலாளர்கள்! அதன் பிறகு தொடர்ந்து தோட்டங்கள் வாங்கப்பட்டன, உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள்.

வெற்றியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாக இருக்காது. துண்டாடப்பட்ட மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது சிறு பகுதிதான். சங்கத் தோட்டத்திலும் காலையில் பெரட்டு உண்டு, செக்ரோல் உண்டு, நிர்வாகி உண்டு. உடைமையாளர் என்ற பெயர் வந்ததே தவிர, அன்றாட வாழ்க்கை பெரிதாக மாறவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். பங்கு வாங்க அழைத்த அளவுக்கு, வாங்கிய பின் நிர்வாகத்தில் பங்குகொள்ள உறுப்பினர் பழக்கப்படவில்லை. ஆளுக்கு ஒரு வாக்கு என்பது ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்தக் கணக்கு வாசிக்கத் தெரிய வேண்டும், எழுந்து கேள்வி கேட்கத் துணிச்சல் வேண்டும். இரண்டும் ஒரு தலைமுறையில் வந்துவிடக்கூடியவை அல்ல.

இருந்தாலும் மறுபக்கத்தையும் பாருங்கள். சங்கம் வாங்கிய தோட்டத்தில் அந்த ஆண்டு யாருக்கும் வீடு போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மறுநாளும் போனது. துண்டாடலில் சிக்கி, சட்டி பானையோடு ரோட்டோரம் நின்ற குடும்பங்களைக் கேட்டால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று சொல்லியிருப்பார்கள்.

கடைசி ஆண்டுகள்

1969 தேர்தலில் கூட்டணி அடி வாங்கியது. மே 13 கலவரம், நாடாளுமன்றம் நிறுத்தம், பிறகு புதிய பொருளாதாரக் கொள்கை. சம்பந்தன் தேசிய ஒற்றுமை அமைச்சரானார். கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. நீண்ட காலம் ஒருவரே தலைவராக இருந்தால் வரும் நோய்கள் எல்லாம் ம.இ.கா.வுக்கும் வந்தன. தலைமை யார் பேச்சையும் கேட்பதில்லை என்ற குறை வெளிப்படையாகப் பேசப்பட்டது. தோட்டத் தொழிலாளி பேச்சைக் கேட்கப் பெரட்டுக்களம் வரை போனவர்மீது, சொந்தக் கட்சியின் மத்தியக் குழுவில் இப்படி ஒரு குற்றச்சாட்டு! இரண்டுமே உண்மையாக இருந்திருக்கலாம். மேடையில் மக்களோடு நெருக்கமாக இருப்பவர்கள் மேசையில் சகாக்களோடு அப்படி இருக்க முடியாமல் போவதை நாமே எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம்.

18 ஆண்டு தலைமைக்குப் பிறகு 1973இல் அவர் விலகினார். வெ. மாணிக்கவாசகம் தலைவரானார். மோதிக்கொண்டவர்கள் என்றாலும், கூட்டுறவு என்ற பாதையை அவரும் விடவில்லை. நேசா கூட்டுறவு அவர் காலத்தில் வந்தது. 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலரின் வீட்டு அலமாரியில் அதன் பங்குப் பத்திரம் இருந்திருக்கும். பத்து வெள்ளியில் கிடைத்த நம்பிக்கையை வைத்துத்தான் பிறகு வந்தவர்களுக்கும் மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சம்பந்தன் 1974 முதல் 1978 வரை தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராக இருந்தார். 1979 மே 18 அன்று, 60 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் மாணிக்கவாசகமும் மறைந்தார். தந்தை விட்டுச் சென்ற தோட்டங்களில் பெரும்பகுதி சம்பந்தனின் பொதுவாழ்வில் கரைந்து போயிருந்தது. தோட்ட உடைமையாளரின் மகன் தம் நிலத்தை இழந்தார், தொழிலாளர்களுக்காக வாங்கிய நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது.

லகாட், மெங்லெம்பு, பூசிங், பத்து காஜா என்று இந்தக் கிந்தா வட்டாரத்தில் ஈயமும் ரப்பரும் அக்கம்பக்கமாக இருந்தன. 1985இல் ஈய விலை சரிந்தது. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தாமான்களிலும் மலிவு அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறார்கள். தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய பங்குச் சீட்டும் உறுப்பினர் புத்தகமும் கிடைத்தால் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நிலநிதிக் கூட்டுறவு இன்றும் இயங்கும் சங்கம். உறுப்பினர் இறந்திருந்தால் வாரிசுக்கு மாற்றும் முறையைச் சங்க அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு நகல், பழைய கார்டின் எண் கையில் இருப்பது நல்லது. தாத்தாவின் பெயர் பல இடங்களில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும், அதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டில் 1954இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் நடக்கிறது. பேராக்கின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் அதுவும் ஒன்று.